அம்மன் கையைப் பார்க்க அரண்மனைக்குப் போனோம்

கார் இல்லாதவர்கள் பஸ்ஸிலேயே போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இங்கே எழுதி வருகிறேன். இந்த முறை தஞ்சாவூர் அரண்மனை. போனது ஜூன் மாதக் கடைசி சனிக்கிழமை. கூட வந்தவர் என் அப்பா, வயது அறுபத்து நாலு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திருப்பனந்தாள் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அரண்மனை அறுபது கிலோமீட்டர்கூட வராது. ஆனால் நாங்கள் இரண்டு பேருமே அதுவரை உள்ளே போனதில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தஞ்சாவூர் என்றால் பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், அவ்வளவுதான். வேலை வெட்டியை விட்டுவிட்டு ராஜா வீட்டைப் பார்க்க யார் போவார்கள்?

நாங்கள் போனதற்குக் காரணம் ஒரு போட்டோ. கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். கூட வேலை பார்க்கிற பெண் குடும்பத்தோடு அரண்மனைக்குப் போய்வந்து, எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காட்டிக்கொண்டிருந்தாள். மரியாதைக்கு "சூப்பர், சூப்பர்" என்று தள்ளிக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் ஒரு அம்மன் சிலை. வலது கை மணிக்கட்டோடு இல்லை. கீழே இருந்த அட்டையில் எங்கள் ஊர்ப் பெயர். அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்று சொல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், அப்பா கூலிக்கு மண்வெட்டி பிடித்த காலம். (இன்றைக்குச் சொந்தமாக ஒன்றேகால் ஏக்கர் வைத்திருக்கிறார்.) ஒரு மிராசுதாரர் வயலில் மேட்டை வெட்டித் தணித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் மண்வெட்டி 'ணங்' என்று எதிலோ பட்டது. தோண்டினால் இரண்டடி உயரத்தில் ஒரு ஐம்பொன் அம்மன். கழுவிப் பார்த்தால் வலது கை இல்லை. "அடப்பாவி, அம்மன் கையை வெட்டிட்டியேடா!" என்று முதலில் கத்தியவர் பக்கத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பையன். அவருடைய அக்காவைத்தான் பிற்பாடு அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். அதாவது என் தாய்மாமா.

ஒடிந்த கையைத் தேடி இரண்டு நாள் மண்ணைச் சலித்திருக்கிறார்கள். கிடைக்கவில்லை. கோபத்தில் அம்மனே கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று பேசி முடித்துவிட்டார்கள். வேப்பமரத்தடியில் மூன்று நாள் பொங்கல் வைத்துக் கும்பிட்ட பிறகு, தாசில்தார் ஜீப் வந்து சிலையை ஏற்றிக்கொண்டு போனது. அந்த வருஷம் வெள்ளத்தில் பயிர் அழுகியது. பழி முழுக்க அப்பா தலையில். அன்றிலிருந்து அவருக்கு ஊர் வைத்த பெயர் 'கையொடிச்சான்'. எங்கள் வீடு கையொடிச்சான் வீடு. பள்ளிக்கூடத்தில் நான் 'கையொடிச்சான் மவ'. கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

ஆடி மாதம் எங்கள் தெரு மாரியம்மன் சப்பரத்தில் புறப்படும்போது, தெருவில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லோரும் மாற்றி மாற்றித் தோள் கொடுப்பார்கள், அப்பா மட்டும் கொடுக்க மாட்டார். ஒரே ஒரு முறை, நான் பிறப்பதற்கு முன்னால், கிட்டே போயிருக்கிறார். "நீ வேணாம்ப்பா, எதுக்கு வம்பு" என்று யாரோ சொல்ல, பின்னால் வந்து நின்றவர் இன்னும் பின்னால்தான் நிற்கிறார். சொன்னவர்கள் மேல்கூட எனக்குக் கோபம் குறைவு. அப்பாவே அதை நம்பினார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறாது.

போனில் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நேர்ல பாக்கணும் பாப்பா. மன்னிப்புக் கேக்கணும்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே, "நாப்பத்தோரு வருசமா சுமந்தது போதும், போயி அவ காலுல விழுந்துட்டு வாங்க" என்றாள். குறுவை நடவு முடிந்த மூன்றாம் நாள் கிளம்பினோம்.

காலை 6.20 டவுன் பஸ். கும்பகோணத்துக்கு ஐம்பது நிமிஷம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், அப்பாவுக்குப் பதினாறு ரூபாய். "ஒனக்கு கவர்மெண்டே டிக்கெட்டு எடுக்குது, எனக்கு எவன் எடுப்பான்?" என்று கண்டக்டர் காதில் விழும்படி கேட்டார். கண்டக்டர் சிரிக்காமல், "அடுத்த ஜென்மத்துல பொண்ணாப் பொறங்க பெரியவரே" என்றார். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு அருகே இட்லி, வடை, டிகிரி காபி. காபி முடிந்ததும், "இருடி, தோ வந்துடறேன்" என்று அப்பா காணாமல் போனார். கால் மணி நேரம் கழித்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.

பிரித்தால் உள்ளே ஒரு வெள்ளிக் கை. கை கால் வலி தீர்ந்தால் கோவிலில் செலுத்துவதற்கு வெள்ளித் தகட்டில் செய்து விற்பார்களே, அந்தக் கை, விரல் நீளத்துக்கு. ஒடித்த கைக்குப் பதில் கை! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அப்பா, அது மியூசியம்ப்பா. அங்க உண்டியலும் கெடையாது, பூசாரியும் கெடையாது." அவர் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அவ இருக்கிற எடம்தானே" என்றார்.

7.50க்குத் தஞ்சாவூர் பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிஷம், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். ஜன்னல் ஓரம் பிடித்துவிடுங்கள், மற்றதைப் பாதை பார்த்துக்கொள்ளும். மேட்டூர் தண்ணீர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாய்க்காலெல்லாம் கலங்கலாக நிறைந்து ஓடியது, பாபநாசம் தாண்டி இரண்டு பக்கமும் புது நடவு. நான் பச்சையை ரசித்துக்கொண்டிருந்தேன். அப்பா வயல் வயலாகக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். "இவன் நாத்த முத்த விட்டுட்டான். இவன் வரப்பே வெட்டல. இந்தா பாரு, இவன் ஆளு, என்னா அழகா நட்டிருக்கான்!" எதிர் சீட்டுக்காரரும் விவசாயி போலிருக்கிறது, அவரும் சேர்ந்துகொண்டார். அய்யம்பேட்டை வருவதற்குள் ஒரு கமிட்டியே உருவாகிவிட்டது.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்குங்கள். புது பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டால் திரும்பி வர ஐந்து கிலோமீட்டர். அங்கிருந்து அரண்மனை ஒரு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோக்காரர் எண்பது கேட்டார். "நடந்தா பத்து நிமிசம்ண்ணே" என்றேன். "இந்த வெயில்ல ராஜா வீட்டுக்கு நடந்தா போவாங்க? அப்பாவ ஏத்துங்கம்மா, அறுபது குடுங்க" என்றார். ராஜா வீடு என்றதும் அப்பா ஏறி உட்கார்ந்துவிட்டார். 9.25க்கு வாசலில் இறங்கினோம்.

இந்த அரண்மனையைப் படத்தில் வருகிற அரண்மனை மாதிரி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நாயக்கர்கள் கட்டி, மராட்டிய மன்னர்கள் சேர்த்துக்கொண்டே போனது. ஒரு வாசலைத் தாண்டினால் ஒரு முற்றம், அதைத் தாண்டினால் இன்னொரு மண்டபம், மேலே புறாக்கள். ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது, பகுதிக்குப் பகுதி தனி கவுன்டர். பெரியவர்களுக்கு முக்கியமான பகுதிகளுக்கான டிக்கெட் ஐம்பது ரூபாய், போனில் படம் எடுக்கத் தனிக் கட்டணம். நான் போன அன்றைய நிலவரம் இது, நீங்கள் போகும்போது மாறியிருக்கலாம்.

நேராகக் கலைக்கூடத்துக்குப் போகலாம் என்றேன். "வந்தது வந்தோம், எல்லாத்தையும் பாத்துடுவோம்" என்றார் அப்பா. சரி என்று முதலில் தர்பார் மண்டபம். அடேங்கப்பா! தூண், வளைவு, விதானம் என்று ஒரு விரல் இடம் விடாமல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ராஜா உட்கார்ந்த மேடைக்கு முன்னால் நின்று அப்பா, "இங்கேருந்துதான் நம்ம நெல்லுக்கு வரி போட்டிருக்கான்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. அடுத்து ராஜ குடும்பத்துப் பொருட்கள். வாள்கள், தலைப்பாகைகள், பாத்திரங்கள், செருப்புகள். வாளையெல்லாம் விட்டுவிட்டுச் செருப்பு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ராஜா காலு எம்மாஞ் சின்னக் காலு பாப்பா. சேத்துல எறங்காத காலு" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

பிறகு ஓலைச்சுவடிகளும் பழைய வரைபடங்களும் இருக்கும் நூலகத்துக் கண்காட்சி. பிறகு கோபுரத்தில் ஏறித் திமிங்கல எலும்புக்கூடு. ஆமாம், அரண்மனைக்குள் திமிங்கலம்! குறுகலான இருட்டுப் படி, முட்டி வலி இருப்பவர்கள் யோசித்து ஏறுங்கள். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து விலா எலும்பை எண்ண ஆரம்பித்துவிட்டார். மணி பன்னிரண்டேகால். "அப்பா, ஒரு மணிக்குக் கலைக்கூடத்த சாத்திடுவாங்க, அப்புறம் மூணு மணிக்குத்தான்." "அப்பிடியா? சரி, அந்த மணிக்கூண்டுப் பக்கமும் ஒரு எட்டு பாத்துட்டு..." என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் கை சட்டைப் பைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன். மனுஷன் பயந்துபோய் நின்றார். காலையிலிருந்து செருப்பு, திமிங்கலம் என்று அவர் ஓட்டிக்கொண்டு வந்ததெல்லாம் அந்த அறைக்குப் போகாமல் இருக்கத்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

கலைக்கூடத்தில் ஐம்பொன் சிலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லாமே டெல்டா ஊர்களிலிருந்து வந்தவை. அட்டைகளைப் படித்துக்கொண்டே போனால், பஸ் போர்டில் பார்க்கிற ஊர்ப் பெயர்களாக வரும். வரலாறு படிக்காதவர்களும் இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் அன்றைக்கு எதையும் பார்க்கவில்லை, அட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினேன். நாலாவது வரிசையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். ஒரு பக்கம் இடுப்பு ஒசிந்து, இடது கை தளரத் தொங்க, வலது கை மணிக்கட்டோடு நின்றுபோய். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அப்பா பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். செருப்பை எப்போது கழற்றினாரோ தெரியாது, வெறுங்காலோடு நின்றார். வாய் எதையோ முணுமுணுத்தது. பொத்தானைக் கழற்றி வெள்ளிக் கையை எடுத்தார். அதற்குள் அங்கே டியூட்டியில் இருந்த அம்மா வேகமாக வந்தார். ஐம்பது வயது இருக்கும், வலது மணிக்கட்டில் வலிக்குக் கட்டுகிற துணி சுற்றியிருந்தார். "ஐயா, இங்க பூ, சூடம், காசு எதுவும் வைக்கக் கூடாதுங்க." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாவிடம் மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மண்வெட்டி, வெள்ளம், கையொடிச்சான், சப்பரம், ஒன்று விடாமல்.

கேட்டு முடித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒடிஞ்ச கை கெடைச்சுதுங்களா?"

"இல்லங்க. ரெண்டு நாள் சலிச்சாங்களாம்."

"அன்னைக்கு ஒடிஞ்சிருந்தா அங்கதானேங்க கெடக்கணும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பத்தோரு வருஷமாக ஒரு ஊரே, நான் உட்பட, கேட்காத கேள்வி. நானெல்லாம் ரத்தத்தில் சர்க்கரையை அளந்து சம்பளம் வாங்குகிறேன்!

"கிட்ட வந்து பாருங்கய்யா" என்று அப்பாவைக் கூப்பிட்டார். "ஒடிஞ்ச எடத்துல பாருங்க, ஒடம்பு பூரா இருக்கிற அதே பச்சைக் களிம்பு. மண்ணுக்குள்ள ரொம்பக் காலம் கெடந்தாத்தான் இப்பிடி ஏறும்னு ஆராய்ச்சி பண்ண வர்றவங்க சொல்லுவாங்க. இது பொதைக்கிறதுக்கு முன்னாடியே ஒடிஞ்சதுங்க."

அப்பா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டே போனார். மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே இறங்கி, இடுப்பு, கால், பீடம் என்று தேடிக்கொண்டே போனார். பீடத்துத் தாமரை இதழ் ஒன்றில் அவர் கண் நின்றது. நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு. அதில் பச்சையே இல்லை, மங்கலான செம்பு நிறம்.

"இதான் பாப்பா" என்றார். "இதான் என் வெட்டு. மண்வெட்டி எடது மூல. அன்னைக்கு மூல மழுங்கிப் போச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." மறுபடி மேலே மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடி கீழே. "இங்க பச்ச இல்ல. அங்க பச்ச." எழுந்து நின்றார். "நான் ஒடிக்கல."

"இல்லப்பா."

"நான் ஒடிக்கல பாப்பா!" இந்த முறை மண்டபமே அதிர்ந்தது. அந்தப் பக்கம் நின்ற கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயா, சத்தம் போடாதீங்க" என்று சொன்ன அந்த அம்மாவுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. நான் வெட்கமே இல்லாமல் துப்பட்டாவில் மூக்கைச் சிந்தினேன். படம் எடுக்கக் கட்டணம் கட்டியிருந்தேன், மணிக்கட்டை நாலு படம், பீடத்து வெட்டை நாலு படம் எடுத்தேன்.

அப்பா வெள்ளிக் கையை அந்த அம்மாவிடம் நீட்டினார். "ஒன் கை நல்லாகட்டும்மா, வச்சிக்க." டியூட்டியில் எதுவும் வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். "அப்பிடின்னா பேரச் சொல்லு, ஒம் பேருல போட்டுடறேன்" என்றார் அப்பா. பேரும் நட்சத்திரமும் கேட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்ட அம்மன் கோவிலின் வாசல் உண்டியலில் போட்டார். சரியாக ஒரு மணி. பக்கத்தில் சாப்பாடு, ஆளுக்கு நூற்றிருபது. அப்பா ரசம் மட்டும் மூன்று தடவை வாங்கினார். 2.40 பஸ், ஆறு மணிக்கெல்லாம் வீடு.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள், மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சில பகுதிகளைச் சாத்திவிடுவார்கள். எங்களைப் போலச் சுற்றாமல் கலைக்கூடத்தை முதலில் பாருங்கள், திமிங்கலம் எங்கேயும் ஓடிவிடாது. நாலு மணி நேரம் தாராளமாக வேண்டும். தண்ணீர் பாட்டில் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் ஊர்ப் பெயர் போட்ட சிலை அங்கே இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். இருந்தால், ஊர்க்காரர்கள் சொன்ன கதையை நம்பாமல் நீங்களே கிட்டே போய்ப் பாருங்கள்.

நான் எடுத்த படங்களை மாமாவிடம் காட்டினோம். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "போன்ல இப்பல்லாம் என்ன வேணாலும் பச்சையாக்கலாம்" என்றார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எறிந்திருப்பேன். அப்பா நிதானமாக, "அப்ப வந்து பாரு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனில் தெருவிலிருந்து பதினாலு பேர் அரண்மனைக்குப் போனார்கள். எனக்கு டியூட்டி, போகவில்லை. அந்தப் பதினாலு பேரில் அப்பாவைத் தவிர ஒருத்தர்கூட அதற்கு முன்னால் உள்ளே போனதில்லை. அப்பாதான் கைடு. வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்க்கவைத்தாராம். மாமா மட்டும் இரண்டாம் முறையும் போய்ப் பார்த்தாராம். சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து உட்காராமலே நின்றார். "தப்பு எம்மேலதான் மச்சான். ஆடி மொத வெள்ளிக்கு நீதான் முன்னாடி தூக்கணும்" என்றார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தூக்கினார். முன்பக்கம், வலது தோள். வழக்கமாக ஆட்கள் முக்குக்கு முக்கு மாற்றிக்கொள்வார்கள். இவர் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை, தெரு முழுக்க அவரே. மறுநாள் காலையில் பார்த்தால் தோள் கன்றிச் சிவந்து வீங்கியிருக்கிறது. தைலத்தை எடுத்துக்கொண்டு போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"தடவாத பாப்பா. கடத்தெருவுக்குப் போறேன், என்னா ஆச்சுன்னு எவனாவது கேக்கட்டும்."